இணையக் கடைக்குக் கூடை மென்பொருள்: செலவறிந்து தேர்ந்தெடுக்கும் முறை

உழவர் தம் விளைபொருளை இடைத்தரகர் இன்றி நுகர்வோரிடம் நேரடியாக விற்பதற்கென முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பட்டது. அங்கே கடைக்கு வாடகை கிடையாது. காய்கறியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு உழவர் வீடு திரும்பலாம். இன்று கைப்பேசியின் வழியாக மற்றொரு சந்தை திறந்துள்ளது. மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மஞ்சள் தூள், பாரம்பரிய அரிசி வகைகள், சிறுதானிய மாவு, தேன் முதலிய பொருள்களை உழவர் பலர் இணையத்தில் விற்று வருகின்றனர். ஆனால் இச்சந்தையில் இடம் இலவசம் அன்று. மாத வாடகை, விற்பனையில் பங்கு, பணம் பெற்றுத் தருவதற்குக் கூலி, பராமரிப்பு எனப் பல பெயர்களில் கட்டணம் உண்டு. இவற்றைக் கணக்கிடாமல் கடை திறந்தால், தரகரிடமிருந்து மீட்ட இலாபத்தை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டு நிற்க நேரிடும்.

எனவே இணையக் கடை தொடங்க விரும்பும் சிறு உழவர்கள் தமக்கேற்ற, குறைந்த செலவிலான கூடை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே காண்போம்.

கூடை மென்பொருள் என்றால் என்ன?

கடைக்கு வருபவர் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, வேண்டிய பொருள்களை அதில் போட்டு, கடைசியில் கல்லாவிற்கு வந்து பணம் செலுத்துகிறார். இணையக் கடையில் இவ்வேலைகளைச் செய்து முடிப்பதே ஷாப்பிங் கார்ட் எனப்படும் கூடை மென்பொருள் ஆகும். இது கீழ்க்கண்ட வேலைகளைச் செய்கிறது.

1. பொருளின் படம், விலை, எடை, இருப்பு ஆகியவற்றைக் காட்டுதல்.
2. வாங்குபவர் தேர்ந்தெடுத்தவற்றைச் சேர்த்துக் கூட்டுத்தொகை போடுதல்.
3. முகவரியைப் பெற்று, அனுப்பும் கூலியைக் கணக்கிட்டுச் சேர்த்தல்.
4. பணம் பெறும் நிறுவனத்துடன் இணைத்துப் பணத்தை வசூலித்தல்.
5. ஆர்டரைப் பதிவு செய்து, இருப்பில் கழித்து, இருதரப்பாருக்கும் செய்தி அனுப்புதல்.

இவ்வைந்தும் ஒழுங்காக நடந்தால் போதும். மற்றவை எல்லாம் அலங்காரமே.

யாருக்கு இது தேவை?

மாதம் பத்து அல்லது இருபது ஆர்டர் மட்டுமே வரும் நிலையில் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக இடலாம். வாங்குபவர் அப்பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்து ஆர்டர் அனுப்பலாம். பணத்தை யுபிஐ மூலம் நேரே உங்கள் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளலாம்.

இம்முறையில் பணச் செலவு இல்லை. நேரச் செலவு உண்டு. ஓர் ஆர்டருக்கு விலை சொல்லுதல், முகவரி கேட்டல், பணம் வந்ததா எனப் பார்த்தல், நோட்டில் எழுதுதல் ஆகியவற்றிற்கு 15 நிமிடம் ஆவதாகக் கொள்வோம். மாதம் 20 ஆர்டருக்கு 5 மணி நேரம் ஆகும். இது தாங்கக் கூடியதே. மாதம் 100 ஆர்டர் வந்தால் 25 மணி நேரம், அதாவது மூன்று முழு வேலை நாள்கள் போய்விடும். களையெடுப்பும் அறுவடையும் நடக்கும் நாளில் இந்நேரத்தை ஒதுக்க முடியாது. ஒருவர் பொருளை மற்றவருக்கு அனுப்புதல், பணம் வராமலே அனுப்பிவிடுதல் போன்ற தவறுகளும் இந்நிலையில்தான் நேர்கின்றன. அப்போதே கூடை மென்பொருளைப் பற்றி எண்ண வேண்டும். விளைச்சல் வருமுன் களஞ்சியம் கட்டிக் கடன்படுவது போல, ஆர்டர் வருமுன் விலையுயர்ந்த மென்பொருளை வாங்குதல் கூடாது.

மூன்று வகை ஏற்பாடுகள்

அ. பங்குமுறை: மாத வாடகை இல்லாமலோ மிகக் குறைந்த வாடகைக்கோ கடையைக் கொடுத்து, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் முறை இது. பல வணிகர் கூடி விற்கும் பெரிய இணையச் சந்தைகளும் இவ்வாறே கமிஷன் பெறுகின்றன. வாரச் சாகுபடியைப் போன்றது. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் ஒன்றும் இல்லை.

ஆ. வாடகைமுறை: மாதத்திற்கு அல்லது ஆண்டிற்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுக் கடையை நடத்தும் முறை. 2006ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கப்பட்ட ஷாப்பிஃபை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ காமர்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கணினி, பாதுகாப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். உழவருக்குத் தொழில்நுட்பத் தொல்லை குறைவு. குத்தகை நிலத்தைப் போன்றது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகையைக் கட்டியாக வேண்டும்.

இ. சொந்தமுறை: திறந்த மூல மென்பொருளை இலவசமாக எடுத்து, நாமே வாடகைக்கு அமர்த்திய இணைய இடத்தில் நிறுவிக்கொள்ளும் முறை. வேர்ட்பிரஸ் மென்பொருளுடன் இணைந்து இயங்கும் வூகாமர்ஸ், ஓபன்கார்ட், பிரெஸ்டாஷாப் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் வூகாமர்ஸ் 2011இல் வெளிவந்தது; பரவலாகப் பயன்பட்டு வருவதால் வேலை தெரிந்த ஆள்கள் எளிதில் கிடைப்பர். மெஜெந்தோ என்னும் மென்பொருளும் திறந்த மூல வடிவில் உண்டு. எனினும் அது பெரிய வணிகங்களுக்கு உரியது. அதற்கு வேண்டிய கணினி வலிமையும் ஆள் கூலியும் சிறு உழவருக்குக் கட்டுப்படியாகா.

இங்கு ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். சொந்தமுறையில் மென்பொருள்தான் இலவசம். கடை இலவசம் அன்று. விதையை இனாமாகப் பெற்றாலும் உழவு, நீர், உரம், காவல் ஆகியவற்றிற்குச் செலவு உண்டல்லவா? அதுபோலத் தள முகவரி, இணைய இடம், நிறுவும் கூலி, பராமரிப்பு ஆகிய நான்கு செலவுகள் இதற்கு உண்டு.

செலவுக் கணக்கு

ஒரு பயிரின் இலாபத்தை ஏக்கருக்கு ஆன செலவைக் கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு குவிண்டால் விளைவிக்க ஆன செலவு என்ன என்று பார்க்கிறோம். இணையக் கடைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஓர் ஆர்டருக்கு ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். மலிவு எது என்பதை அதுவே காட்டும்.

செலவை இரண்டாகப் பிரிக்கவும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆவது நிலையான செலவு. ஒவ்வொரு ஆர்டருடனும் ஆவது மாறும் செலவு. கீழே ஓர் எடுத்துக்காட்டு தரப்படுகிறது. இதிலுள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவையே. உங்களிடம் நிறுவனங்கள் கூறும் தொகைகளை அவ்விடங்களில் இட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பு ரூ.600 எனக் கொள்வோம். பொருள், கட்டுமானம், ஆள் கூலி ஆகியவை போக அதில் மிஞ்சுவது ரூ.120. அனுப்பும் கூலியை வாங்குபவரே தருகிறார். பணம் பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் கட்டணம் 2 சதவீதம். அக்கட்டணத்தின் மேல் 18 சதவீதம் சரக்கு சேவை வரி. ஆக 2.36 சதவீதம். ரூ.600க்கு இது ஏறத்தாழ ரூ.14. இச்செலவு மூன்று முறைகளுக்கும் பொது.

பங்குமுறை: விற்பனையில் 5 சதவீதப் பங்கு, அதாவது ரூ.30. கேட்வே கட்டணம் ரூ.14. ஓர் ஆர்டருக்கு ரூ.44. ஆர்டர் எத்தனை வந்தாலும் இத்தொகை மாறாது.

வாடகைமுறை: மாத வாடகை ரூ.1,500. இதனுடன் விற்பனையில் கூடுதலாக 2 சதவீதம், அதாவது ரூ.12. கேட்வே கட்டணம் ரூ.14.

சொந்தமுறை: தள முகவரி ஆண்டிற்கு ரூ.1,000. இணைய இடம் ரூ.5,000. பராமரிப்பு ரூ.5,000. நிறுவும் கூலி ரூ.12,000, இதை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டிற்கு ரூ.4,000. மொத்தம் ஆண்டிற்கு ரூ.15,000. மாதத்திற்கு ரூ.1,250. கேட்வே கட்டணம் ரூ.14.

இனி ஓர் ஆர்டருக்கு ஆகும் செலவைப் பார்ப்போம்.

மாதம் 20 ஆர்டர் வந்தால்: பங்குமுறை ரூ.44. வாடகைமுறை ரூ.101. சொந்தமுறை ரூ.77.

மாதம் 100 ஆர்டர் வந்தால்: பங்குமுறை ரூ.44. வாடகைமுறை ரூ.41. சொந்தமுறை ரூ.27.

மாதம் 300 ஆர்டர் வந்தால்: பங்குமுறை ரூ.44. வாடகைமுறை ரூ.31. சொந்தமுறை ரூ.18.

முதல் வரியைக் கூர்ந்து நோக்குக. மாதம் 20 ஆர்டர் உள்ள உழவர் வாடகைக் கடையை எடுத்தால், மிஞ்ச வேண்டிய ரூ.120இல் ரூ.101 மென்பொருளுக்கும் கேட்வேக்கும் போய்விடுகிறது. கையில் நிற்பது ரூ.19. பொருள் நன்றாக விற்கிறது, பாராட்டும் வருகிறது, பணத்தை மட்டும் காணோம் என்று சிலர் வியப்பதற்கு இதுவே காரணம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. இங்கோ கணக்குப் பார்த்தால்தான் உழக்காவது மிஞ்சும்.

எத்தனை ஆர்டர் வந்தால் முறையை மாற்றலாம் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. புதிய முறையின் மாத நிலையான செலவை, ஓர் ஆர்டரில் மீதமாகும் தொகையால் வகுக்கவும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பங்குமுறையிலிருந்து சொந்தமுறைக்கு மாறினால் ஆர்டருக்கு ரூ.30 மீதமாகிறது. ரூ.1,250ஐ 30ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. ஆகவே தொடர்ந்து மாதம் 42 ஆர்டருக்கு மேல் வந்தால் சொந்தமுறை இலாபம். வாடகைமுறைக்கு மாறினால் மீதமாவது ரூ.18. ரூ.1,500ஐ 18ஆல் வகுத்தால் 83. பொங்கல், தீபாவளி மாதங்களில் மட்டும் வரும் ஆர்டரைக் கொண்டு இம்முடிவை எடுத்தல் கூடாது. ஓராண்டுச் சராசரியைக் கொண்டே முடிவு செய்யவும்.

செலவு ஒன்றே அளவுகோல் அன்று என்பதையும் மறத்தல் கூடாது. கணினி அறிந்த மகனோ மகளோ வீட்டிலிருந்தால் சொந்தமுறை எளிது. அத்தகைய துணை இல்லாதவர், சற்றுக் கூடுதல் செலவாயினும் வாடகைமுறையைக் கொள்வதே நலம். பழுது நேர்ந்தால் ஆள் தேடி அலைய வேண்டியிராது.

மறைந்திருக்கும் செலவுகள்

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் உள்ளதை விடச் சிறிய எழுத்தில் உள்ளதையே ஊன்றிப் படிக்க வேண்டும். குறிப்பாகக் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிக.

1. முதலாண்டுச் சலுகை: தள முகவரியும் இணைய இடமும் முதலாண்டில் மிக மலிவாகக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும்போது கட்டணம் பன்மடங்காவதுண்டு. புதுப்பிக்கும் கட்டணத்தையே உண்மையான விலையாகக் கொள்க.

2. விற்பனை மீதான கூடுதல் கட்டணம்: மாத வாடகைக்கு மேல் விற்பனையிலும் பங்கு பெறும் நிறுவனங்கள் உண்டு. ஷாப்பிஃபை நிறுவனம், தன் சொந்தப் பணம் பெறும் வசதியைப் பயன்படுத்தாத கடைகளிடம் இவ்வாறு பெறுகிறது. அவ்வசதி எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. எனவே இக்கூடுதல் உங்கள் கடைக்கு உண்டா என்பதை முன்னரே தெரிந்துகொள்ளவும்.

3. துணை மென்பொருள்கள்: கூரியர் கூலி கணக்கிடுதல், விலைச்சீட்டு அச்சிடுதல், வாட்ஸ்அப் செய்தி அனுப்புதல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனித் துணை மென்பொருள் வாங்கச் சொல்வர். ஒவ்வொன்றும் சிறு தொகைதான். ஐந்தாறு சேர்ந்தால் மூலக் கட்டணத்தையே மிஞ்சிவிடும்.

4. வரியும் நாணயமும்: கட்டணத்தின் மேல் 18 சதவீத வரி தனியாகச் சேரும். டாலரில் கட்டணம் கூறப்பட்டால், டாலரின் மதிப்பு உயரும்போது உங்கள் வாடகையும் உயரும்.

5. திருப்பித் தரும் பணம்: வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், அதற்குப் பிடித்த கேட்வே கட்டணம் பொதுவாகத் திரும்ப வருவதில்லை.

6. யுபிஐ: யுபிஐ மூலம் பெறும் பணத்திற்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம் 2020 ஜனவரி முதல் விலக்கப்பட்டுள்ளது. எனினும் கேட்வே நிறுவனங்கள் தம் சேவைக்கெனத் தனிக் கட்டணம் பெறுவதுண்டு. யுபிஐக்கு எவ்வளவு, கடன் அட்டைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் பணம் வங்கிக்கு வரும் என்று தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்க.

உழவருக்கு வேண்டிய வசதிகள்

துணிக்கடைக்கோ கைப்பேசிக் கடைக்கோ ஏற்ற மென்பொருள் நம் பொருளுக்கு ஏற்றது என்று கூற இயலாது. நம் பொருள்கள் கனமானவை, பருவத்தைச் சார்ந்தவை, கெடக் கூடியவை. ஆகவே பின்வரும் வசதிகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

எடைக்கேற்ற கூலி: எல்லா ஆர்டருக்கும் ஒரே கூலி என்று வைத்தால் நட்டம் வரும். அரைக் கிலோ மஞ்சள் தூளுக்கும் ஐந்து லிட்டர் எண்ணெய்க்கும் கூலி ஒன்றாகாது. எடைக்கும், வாங்குபவரின் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் ஏற்பக் கூலியை மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும்.

கன அளவு எடை: கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூலி பெறுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கமான முறை. 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள பெட்டியின் கன அளவு எடை 3 கிலோ. அதில் ஒரு கிலோ பொரியை அனுப்பினாலும் 3 கிலோவிற்குக் கூலி கட்ட நேரிடும். பொரி, அப்பளம், உலர்ந்த முருங்கைக்கீரை ஆகியவற்றை விற்பவர்கள் பெட்டி அளவைப் பதியும் வசதியுள்ள மென்பொருளையே கொள்ள வேண்டும்.

இருப்புக் கணக்கு: 50 கிலோ சர்க்கரை இருக்க 80 கிலோவிற்கு ஆர்டர் பெற்றால் பெயர் கெடும். இருப்புத் தீர்ந்தவுடன் தானே விற்பனையை நிறுத்தும் வசதி வேண்டும். மாம்பழம் போன்ற பருவப் பொருளுக்கு முன்பதிவு வசதி இருப்பது நல்லது.

பொட்டல அளவுகள்: ஒரே பொருளை 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என வெவ்வேறு விலையில் காட்டும் வசதி வேண்டும்.

தமிழ்: பொருளின் பெயரையும் விளக்கத்தையும் தமிழில் இடவும், தமிழில் எழுதிய முகவரி சிதையாமல் அச்சாகவும் வேண்டும்.

வேகம்: வாங்குபவர்களில் பலர் கைப்பேசியில்தான் பார்க்கின்றனர். நகரும் படங்களும் அலங்காரங்களும் நிறைந்த பக்கம் மெதுவாகத் திறக்கும். காத்திருக்கப் பொறுமையின்றி அவர்கள் போய்விடுவர்.

வந்தபின் பணம்: பொருள் வந்தபின் பணம் தரும் முறையை வேண்டும்போது நிறுத்தவும், சில ஊர்களுக்கு மட்டும் அனுமதிக்கவும் வழி இருத்தல் வேண்டும். வாங்குபவர் ஏற்காமல் பார்சல் திரும்பினால் போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில் விழும். ஒரு வழிக்கு ரூ.70 என்றால் இழப்பு ரூ.140. நம் எடுத்துக்காட்டில் ஓர் ஆர்டரில் மிஞ்சும் ரூ.120ஐ விட இது அதிகம்.

பரிசுப் புள்ளிகள், பல நாட்டு நாணயங்கள், நூற்றுக்கணக்கான வடிவமைப்புகள், தானே பேசும் உதவியாளர் ஆகியவற்றிற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கைவிடக் கூடாத மூன்று

மென்பொருளை மாற்றலாம், நிறுவனத்தை மாற்றலாம். ஆனால் கீழ்க்கண்ட மூன்றும் என்றும் உங்கள் கையிலேயே இருத்தல் வேண்டும்.

முதலாவது, தள முகவரி. இது உங்கள் கடையின் பட்டா ஆகும். கடையை அமைத்துத் தருபவர் தம் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்துவிடுவதுண்டு. பின்னர் மனவருத்தம் ஏற்பட்டால் முகவரி அவருடன் போய்விடும். பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பெயரும் அதனுடன் போகும். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவு செய்ய வேண்டும். காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

இரண்டாவது, வாங்குவோர் பட்டியல். யார், எந்த ஊர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்னும் விவரமே விதை நெல். இருபது பேர் மீண்டும் மீண்டும் வாங்கினால் அது புதிதாக நூறு பேரைத் தேடுவதை விட மேல். பெரிய இணையச் சந்தைகளில் விற்கும்போது வாங்குவோர் அச்சந்தைக்கே உரியவர்; அவர்தம் முழு விவரம் விற்பவருக்குக் கிடைப்பதில்லை. தனிக்கடை வைப்பதன் தலையாய பயன் இதுவே. இவ்விவரங்களைப் பிறருக்கு விற்பதோ கொடுப்பதோ கூடாது.

மூன்றாவது, கடையின் முழுப் பதிவுகள். பொருள், ஆர்டர், வாங்குவோர் ஆகிய மூன்று பட்டியல்களையும் எக்செல் அட்டவணையில் திறக்கக்கூடிய கோப்பாக எடுக்க முடியுமா என்று வாங்குமுன் கேட்கவும். எடுக்க முடியாது என்றால் அம்மென்பொருளை எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கவும். மாதம் ஒரு முறை எடுத்து வேறோர் இடத்தில் சேமிக்கவும். விதை முழுவதையும் ஒரே குதிரில் வைப்பார் உண்டோ?

பாதுகாப்பு

தள முகவரி பூட்டுக் குறியுடன் திறக்க வேண்டும். இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. இதற்கெனப் பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் கேட்கவும். வாங்குவோரின் கடன் அட்டை எண்ணை எக்காரணம் கொண்டும் குறித்து வைத்தல் கூடாது. வணிகர்கள் அட்டை விவரங்களைச் சேமிப்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் முதல் தடை செய்துள்ளது. அட்டைப் பணம் கேட்வே நிறுவனத்தின் வழியாகவே வரட்டும்.

சொந்தமுறையில் கடை நடத்துவோர் மென்பொருளையும் துணை மென்பொருள்களையும் அவ்வப்போது புதுப்பித்தல் அவசியம். புதுப்பிக்காத கடை வேலி பிரிந்த தோட்டம் போன்றது.

பணம் செலுத்தியதாகக் கூறிக் கைப்பேசித் திரையின் படத்தை அனுப்பி ஏமாற்றுவோர் உளர். படத்தை நம்பிப் பொருளை அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கில் பணம் வரவாகியிருப்பதைப் பார்த்த பின்னரே அனுப்புக. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. அதை இடச் சொல்பவர் எவராயினும் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார் என்று அறிக.

சட்ட விதிகள்

பதப்படுத்திய உணவுப் பொருளை விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் தேவை. அதன் 14 இலக்க எண் பொட்டலத்தில் இருத்தல் வேண்டும்; கடைப் பக்கத்திலும் இடவும். இணைய விற்பனைக்கு எவ்வகை உரிமம் தேவை என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டறிக. பொட்டலத்தின் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவற்றைக் கடைப் பக்கத்திலும் காட்ட வேண்டும். எனவே இவற்றை இடுவதற்கு மென்பொருளில் இடம் உள்ளதா எனப் பார்க்கவும். தம் நிலத்தில் விளைந்த விளைபொருளை விற்கும் உழவருக்குச் சரக்கு சேவை வரிப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் மாவாகவும் எண்ணெயாகவும் மாற்றி, வெளி மாநிலங்களுக்கும் அனுப்பும்போது நிலைமை வேறு. தொடங்குமுன் ஒரு தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நல்லது.

பணம் கட்டுமுன் சோதனை

புதிய இரகத்தை முழு வயலிலும் பயிரிடுமுன் சிறு பாத்தியில் பார்ப்பது நம் வழக்கம். மென்பொருளையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். வாடகைமுறையில் சில நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க இடமளிக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்நாள்களில் ஐந்து பொருள்களை மட்டும் ஏற்றி, உறவினரையும் நண்பரையும் கொண்டு பத்து ஆர்டர் போடச் செய்யவும். பின்வருவனவற்றைக் கவனித்து எழுதி வைக்கவும்.

1. பழைய கைப்பேசியிலும் பக்கம் விரைவில் திறக்கிறதா?
2. உள்ளூர், சென்னை, வெளி மாநிலம் ஆகிய மூன்றிற்கும் அனுப்பும் கூலி சரியாக வருகிறதா?
3. பணம் செலுத்தும்போது இணைப்பு அறுந்தால் ஆர்டர் என்ன ஆகிறது?
4. ஓர் ஆர்டரை இரத்துச் செய்தால் இருப்பு மீண்டும் கூடுகிறதா?
5. உதவி கேட்டு அனுப்பிய செய்திக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது?
6. ஆர்டர் பட்டியலைக் கோப்பாக எடுக்க முடிகிறதா?

ஆறிலும் தேறிய மென்பொருளையே தேர்ந்தெடுக்கவும். தொடக்கத்தில் மாதக் கட்டணமாகவே செலுத்துக. ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டென்றாலும், மூன்று மாத அனுபவம் இல்லாமல் ஆண்டிற்குக் கட்டிவிடுதல் கூடாது.

கூட்டாகச் செய்தல்

தனி உழவருக்குக் கட்டுப்படியாகாத செலவு பலர் கூடினால் எளிதாகும். மேற்கண்ட கணக்கில் சொந்தமுறைக்கு மாதம் ரூ.1,250 ஆகிறது. ஐந்து உழவர்கள் ஒரு குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வாயிலாகவோ ஒரே கடையை நடத்தினால் ஒருவர் பங்கு ரூ.250 மட்டுமே. வாங்குபவருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், தேன் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ஒரே பெட்டியில் பல பொருள்கள் செல்வதால் அனுப்பும் கூலியும் குறையும். ஆனால் ஒன்று. தள முகவரி, வங்கிக் கணக்கு, கடவுச்சொல் ஆகியவை யார் பொறுப்பில் இருக்கும், திரும்பிய பார்சலின் நட்டத்தை யார் ஏற்பது என்பவற்றை முதல் நாளே எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும்.

தொகுத்துக் கூறின், ஆர்டர் குறைவாக உள்ளபோது வாட்ஸ்அப் பட்டியலும் யுபிஐயும் போதும். கை ஓயாத அளவிற்கு ஆர்டர் வந்தபின் பங்குமுறைக்குச் செல்லலாம். ஓராண்டுச் சராசரி கணக்கிட்ட எண்ணைத் தாண்டியபின் வாடகைமுறைக்கோ சொந்தமுறைக்கோ மாறலாம். எந்நிலையிலும் தள முகவரியும் வாங்குவோர் பட்டியலும் கடைப் பதிவுகளும் உங்களிடமே இருக்கட்டும். இவ்வார இறுதியில் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆர்டரின் சராசரி மதிப்பு, அதில் மிஞ்சும் தொகை, மாத ஆர்டர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எந்த மென்பொருள் விற்பவர் வீட்டு வாசலுக்கு வந்தாலும், அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் விலை பேசுங்கள்.